சாமி மூலையில் ஒரு கறுப்புப் படம்

எனக்கு ஓவியம் தெரியாது. தெரியாததைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல் இருக்கவும் தெரியாது. நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள், ஒரு சதுர அட்டை முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடித்துக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேராக நீட்டியபோது, "மிச்சத்தை எப்ப வரையப் போற?" என்று கேட்டுவிட்டேன்.

"இவ்ளோதான்ப்பா."

"சரி, இது என்ன?"

"இட்ஸ் நாட் எனிதிங். தட்ஸ் த பாயின்ட்."

பள்ளியில் அந்த மாதம் ரஷ்ய ஓவியர்களாம். எந்தப் பொருளையும் வரையாமல் நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் வரைந்தவர்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் வட்டத்துக்குள் வட்டமாக ஏழெட்டு நிறத்தில் ஜமாய்த்திருந்தார்கள். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவற்றைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இவள் மட்டும் தேடிப்பிடித்து, வெறும் கறுப்புச் சதுரம் வரைந்த ஆளைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

அதோடு விட்டாளா? அந்த ரஷ்யர் தன் படத்தைச் சுவரின் நடுவில் மாட்டவில்லையாம். அவர்கள் ஊர் வீடுகளில் சாமி படம் வைக்கிற மூலை ஒன்று உண்டாம். அங்கே, உயரத்தில் மாட்டினாராம். அதேபோல வீட்டில் ஒரு வாரம் மாட்டி, போட்டோ எடுத்து, வெள்ளிக்கிழமை நடக்கும் பள்ளிக் கண்காட்சிக்கு இரண்டையும் கொண்டுபோக வேண்டும்.

"மத்தவங்க எல்லாம் டிவிக்கு மேல மாட்டுறாங்க. நம்ம வீட்லதான் ரியலாவே சாமி மூலை இருக்கு," என்றாள் பெருமையாக.

கடல் கடந்து வந்து நாங்கள் குடியிருக்கும் இந்த வெரிபீ புறநகரில், எங்கள் வீட்டில் பூஜை அறை கிடையாது. ஹாலின் வடகிழக்கு மூலையில் ஓர் அலமாரி, அவ்வளவுதான். முருகனைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்திவிட்டு, பிள்ளையாருக்கு மேலே கறுப்பு அட்டை ஏறியது. நான் குதித்தேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மனைவி, "கருப்பசாமியே கறுப்புதான். ஒரு வாரம் இருந்துட்டுப் போகட்டும்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அன்ரி வந்தார். இரண்டு வீடு தள்ளி இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்; அவர்கள் தமிழில் ஆன்ட்டி, அன்ரிதான். அவருடைய தம்பி அகதியாகப் படகில் வந்தவர். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசாவிலேயே இருக்கிறார். மனைவியும் மகளும் வவுனியாவில். நிரந்தர விசா கொடுத்துக் கடிதம் வந்தால்தான் அவர்களைக் கூப்பிட முடியும். அந்தக் கடிதத்துக்காக அன்ரி வேண்டாத தெய்வமில்லை. வெரிபீயிலிருந்து நகரத்தின் மறு கோடிவரை காரில் போய், த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையாரை வாராவாரம் பார்த்துவிட்டு வருவார். வரும் வழியில் எங்களுக்குப் பிரசாதம்.

எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் சாமி மூலை, பிறகுதான் நாற்காலி. அன்று மூலையிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, இதென்ன படம்?"

வீட்டுப்பாடத்தைப் பிள்ளையார் தலைக்கு மேலே மாட்டியிருக்கிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அலுவலகக் கூட்டங்களில் தெரியாத கேள்விக்கும் தயங்காமல் பதில் சொல்லிப் பழகிய வாய் வேறு. "உருவமில்லாத சாமி, அன்ரி. சிதம்பர ரகசியம் மாதிரி," என்றேன்.

"எங்கையிருந்து கொண்டு வந்தனீங்கள்?"

"ரஷ்யா." அந்த ஒரு சொல்லில்தான் கொஞ்சம் உண்மை இருந்தது.

அன்ரி பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தார். மகள் சோஃபாவிலிருந்து பாய்ந்தாள். "டோன்ட் டச் இட்!"

"ஓம், ஓம், பிள்ளை சொல்லுறது சரி. தொடக் கூடாது," என்று அன்ரி கையை இழுத்துக்கொண்டார். கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். போகும்போது என்னிடம், "நல்ல ஆசாரமான பிள்ளை," என்று பாராட்டிவிட்டும் போனார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். தோட்டத்து ரோஜா ஒன்றை அலமாரியில் வைத்துவிட்டு உதடு அசைய நிற்பார். பிள்ளையார் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை. பிள்ளையாரின் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. "ஷி இஸ் ப்ரேயிங் டு மை ஹோம்வொர்க்," என்று மகள் முதலில் முறைத்தாள். பிறகு அன்ரி வரும் நேரத்துக்கு அந்த மூலையில் லைட்டைப் போட்டுவைக்க ஆரம்பித்தாள். அவள் போட்ட படத்தை அதுவரை யாரும் அத்தனை நேரம் பார்த்ததில்லை. நானும்தான்.

புதன்கிழமை அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ரை தம்பியின்ரை லோயர் சொன்னவர், இந்த மாசத்துக்குள்ளை முடிவு வந்திடுமாம். அது வரைக்கும் இந்தப் படத்தை எடுத்துப் போடாதேங்கோ."

கண்காட்சிக்கு இன்னும் இரண்டே நாள். மனைவியிடம் போய் முறையிட்டேன். "ரகசியம்னு அளந்தது நீங்கதான? நீங்களே போய் உடைங்க," என்றாள்.

வியாழக்கிழமை மாலை, அன்ரி கும்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். "மன்னிச்சிடுங்க அன்ரி. அது சாமி இல்ல. பாப்பா ஸ்கூலுக்குப் போட்ட படம். நான்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்." வெட்கத்தில் காது சூடாகிவிட்டது.

"தெரியும் தம்பி," என்றார் அன்ரி. "கீழை ஓரத்திலை பென்சிலாலை பிள்ளையின்ரை பேரும் வகுப்பும் எழுதிக் கிடக்குது. முதல் நாளே வாசிச்சனான்."

"அப்புறம் ஏன் அன்ரி..."

"பேசின் பிள்ளையாரைக் கேட்டாச்சு. அம்மனைக் கேட்டாச்சு. சேர்ச்சுக்குப் போய் மெழுகுதிரியும் கொளுத்தியாச்சு. பன்னிரண்டு வருசமா எல்லாருக்கும் என்ரை கதை பாடம். நான் வாயைத் திறக்க முன்னமே அவைக்கு அலுத்துப் போயிருக்கும். இதுக்கு ஒண்டும் தெரியாது. முதல்லை இருந்து சொல்லக் கூடியதாக் கிடந்தது."

ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நல்லவேளை, அதற்குள் மகள் பேசிவிட்டாள். "இங்கேயே இருக்கட்டும் அன்ரி. லெட்டர் வர்ற வரைக்கும்."

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்புமுன் இன்னொரு அட்டையில் கறுப்பு அடித்தாள். காய்வதற்கு நான் ஹேர் டிரையர் பிடித்தேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "இது அவ்ளோ நல்லா வரலப்பா," என்றாள்.

கண்காட்சியில் டீச்சர் போட்டோவையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். இது வேறு படம்போல இருக்கிறதே, முதல் படம் எங்கே என்று கேட்டார். நான் விளக்கம் சொல்ல முன்னால் நகர்ந்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

"சம்ஒன் இஸ் ஸ்டில் யூசிங் இட்."

டீச்சர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அந்த மாதம் முடிந்து, அடுத்த மாதமும் முடிந்துவிட்டது. கடிதம் வரவில்லை. அன்ரி தினமும் வருகிறார்.