அம்மா கேட்ட சிவப்பு

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் மற்ற அம்மாக்கள் டீச்சராகவோ ஆபீஸ் கிளார்க்காகவோ இருந்தார்கள். என் அம்மா மட்டும் ரயில்வேயில் சிக்னல் இன்ஜினியர். மழைக்கோட்டும் கனத்த பூட்ஸுமாக அவள் வேலைக்குக் கிளம்புவதைப் பார்த்தால் எனக்குப் பெருமையும் வெட்கமும் ஒன்றாக வரும்.

அன்று மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். அப்பா வெளியூரில் இருந்தார். வேறு வழியில்லாமல் டெல்லியின் ஓரத்திலிருந்த ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். திருநெல்வேலியிலிருந்து மாமா, அம்மாவின் ஒரே தம்பி, வேலைக்கான இன்டர்வியூவுக்கு வந்துகொண்டிருந்ததும் அன்றுதான். அவருக்கு வயது வரம்பு முடியப்போகிறது. இதை விட்டால் இன்னொன்று கிடையாது. முந்தின நாளே வந்துவிடச் சொன்னதற்கு, “எங்கக்கா லைன்லதானக்கா வாரேன், லேட்டாகுமாக்கும்?” என்று போனில் சிரித்திருந்தார்.

ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் தண்டவாளங்களின் படம் போட்ட பெரிய பலகை இருந்தது. எந்தத் துண்டில் சிவப்பு எரிகிறதோ அங்கே வண்டி நிற்கிறது என்று அர்த்தம். தண்டவாளத்தில் எப்போதும் சிறிது மின்சாரம் ஓடும். சக்கரம் ஏறியதும் அது பாதியிலேயே திரும்பிவிடும், சிவப்பு எரியும். அன்றோ மழைநீரும் சேறும் அந்த மின்சாரத்தை உறிஞ்சிவிட்டதால், காலித் தண்டவாளத்திலேயே சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. மாமாவின் வண்டி வழி கிடைக்காமல் சற்றுத் தொலைவில் அப்படியே நின்றது.

ரயில்களை நடத்தும் கன்ட்ரோல் ஆபீசிலிருந்து போன் மேல் போன். ஸ்டேஷன் மாஸ்டர் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று பேசினார். நான் கடிகாரத்தையும் அந்தச் சிவப்பையும் மாறி மாறிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

வெளியே அம்மா மின்சாரத்தைக் கூட்டி வைத்தாள். சிவப்பு அணைந்தது. “லால் ஹட் கயா, மேடம்!” என்று ஸ்டேஷன் மாஸ்டர் வாக்கி டாக்கியில் கத்தினார். நான் கைதட்டினேன்.

“ருக்கியே,” என்று அவரைப் பொறுக்கச் சொன்னாள் அம்மா. வண்டிச் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே ஒரு சோதனைக் கம்பியை மாட்டுவது அவள் வழக்கம். மாட்டிவிட்டு, சிவப்பு வந்ததா என்று கேட்டாள்: “லால் ஆயா?”

“நஹீன் மேடம். ஏக்தம் கிளியர்!”

அறையில் எல்லோர் முகமும் மலர்ந்தது. ஆனால், வண்டியை விடாதீர்கள் என்று அம்மா ஹிந்தியில் சொன்னாள். மறுபடி சிவப்பு எரிந்தது. அம்மாவேதான் மின்சாரத்தைக் குறைத்திருந்தாள்.

நான் பாய்ந்து போய் வாக்கி டாக்கியைப் பிடுங்கினேன். “அம்மா, மாமா வண்டிம்மா! சிவப்புதான் போயிட்டுல்லா, ஏம்மா?”

“தெரியும் பிள்ள. பேசாம உக்காரு.”

ஆட்களை வைத்துச் சேற்றை வாரி, மறுபடி அளந்து, மறுபடி கம்பியை மாட்டி, “லால் ஆயா?” என்று அவள் கேட்டு, “ஆயா, மேடம்” என்று பதில் வந்து, கம்பியை எடுத்ததும் சிவப்பு அணைந்தது. அதன் பிறகே மாமாவின் வண்டி எங்களைக் கடந்து போனது. அவர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது இன்டர்வியூ அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்களாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், “கொஞ்சம் முன்னாடி விட்டிருக்கலாம்லாக்கா,” என்று மட்டும் சொன்னார். அம்மா சோறு போட்டாள். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம். அணைந்த விளக்கை வேண்டுமென்றே ஏற்றியவள் அவள்தானே?

கம்பிக்கு எரியாத சிவப்பு, வண்டிக்கும் எரியாமல் போகலாம். மாமாவின் வண்டி அங்கே நின்றால்கூடப் பலகை காலி என்று காட்டும். பின்னால் வரும் வண்டிக்கு வழியும் கிடைத்துவிடும். இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், மாமா தலை நிமிராமல் சாப்பிட்டார், அம்மா தன் தட்டைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வாய் வராமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ அவர் உயிரோடு வந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.