நூறு சுற்றுக்கு ஆறு விநாடி

அந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நூற்றெண்பது தையல் மிஷின்கள். அத்தனைக்கும் வைத்தியம் பார்ப்பவள் என்பதால் அவளுக்கு மிஷினக்கா என்று பேர். சொந்தப் பேர் ஒன்று இருப்பது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.

இருபத்திரண்டு வயதில் காலர் தைக்கத்தான் உள்ளே போனாள். மிஷின் மக்கர் பண்ணினால் மெக்கானிக் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மெக்கானிக்கோ கூப்பிட்ட குரலுக்கு வருகிற ஆசாமி இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் தானே மூடியைக் கழற்றிவிட்டாள். மேற்பார்வையாளர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். அவர் குதித்து முடிப்பதற்குள் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அவளைக் காலர் தைக்க உட்கார வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. இப்போது ஐம்பது வயது. கண்ணை மூடிக்கொண்டு வரிசை நடுவில் நின்றால், எந்த மிஷினில் எண்ணெய் வறண்டிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

இப்படி ஒரு காதை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் அவள் ஏமாந்ததுதான் கதை.

மகளைக் கொடுத்த இடத்துச் சம்பந்தி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வாரம் ஆறு நாளும் அடுத்தவர் காலை நம்பி உயிரைப் பணயம் வைத்து, "பிரேக்கு, பிரேக்கு!" என்று கத்திக் கத்தித் தொண்டை போன மனிதர். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அடுத்தவர் கத்துவதைக் கேட்கப் போவார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு ராக் பேண்ட். நாலு பேர், அதில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மிச்ச இரண்டு பேருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. பதினோரு ரெக்கார்டு, நூற்றைம்பத்திரண்டு பாட்டு.

அந்தப் பாட்டுகளை முதலிலிருந்து வரிசையாக, வாரத்துக்கு ஒன்று என்று கேட்டு முடிப்பதாக மூன்று பேர் சேர்ந்து சபதம் எடுத்திருந்தார்கள். சம்பந்தி ஒருவர். ரெக்கார்டுகளுக்கும், தன் கிளினிக்கின் மாடியறைக்கும் சொந்தக்காரரான பல் டாக்டர் இன்னொருவர். மூன்றாவது ஆள் ஜெராக்ஸ் கடைக்காரர். கிட்டார் வாசிப்பார், சுருதி என்று பட்டப்பேர். அதை அவரே தனக்கு வைத்துக்கொண்டார் என்பது சம்பந்தியின் கட்சி. ஒரு பாட்டை மூன்று தடவை போடுவார்கள். அப்புறம் ஆளுக்கு ஐந்து நிமிடம் கருத்து. கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண், டாக்டரின் பெரிய நோட்டில் ஏறும். தாண்டிப் போகக் கூடாது, கைபேசியில் கேட்கக் கூடாது. "கைபேசில பாட்டு கேக்கறது, ஜன்னல் வழியா பல்லு பாக்கற மாதிரி" என்பார் டாக்டர்.

இவ்வளவு சட்டதிட்டம் போட்டும், முதல் ஞாயிறு முதல் பாட்டுக்கு முன்னாலேயே ரெக்கார்டு பிளேயர் படுத்துவிட்டது. மோட்டாரில் பெல்ட்டை ஓட்டுகிற சின்னப் புல்லி விரிசல் விட்டு மூன்று துண்டாக உடைந்திருந்தது. புதிது எங்கேயும் கிடைக்காது. "கவலைய விடுங்க. எங்க சம்பந்தியம்மா கை பட்டா ஓடாத மிஷினே கிடையாது" என்று சம்பந்தி வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். சம்பந்தி கொடுத்த வாக்கைக் காப்பாற்றாமல் இருக்க முடியுமா? அக்கா துண்டுகளை ஒட்டவைத்து வெர்னியர் அளவுகோலில் அளந்தாள். பன்னிரண்டு புள்ளி நான்கு மில்லிமீட்டர். தொழிற்சாலை லேத்தில் பித்தளையில் அச்சாக அதே அளவில் கடைந்து, அடுத்த ஞாயிறு கொண்டுபோய் மாட்டினாள். பெல்ட் வழுக்காமல் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு பாட்டு முடியும்வரை நின்றாள்.

பாட்டு முடிந்ததும் டாக்டர் திரும்பி, "உங்களுக்கு எப்படிங்க இருந்தது?" என்று கேட்டார்.

அக்கா திகைத்துப்போனாள். வீட்டில் சாப்பாடு ஆச்சா என்று கேட்பார்கள், தொழிற்சாலையில் மிஷின் ரெடியா என்று கேட்பார்கள். எப்படி இருந்தது என்று இதுவரை அவளை யாரும் கேட்டதில்லை. பாட்டின் மொழி சுத்தமாகப் புரியவில்லை. ஆனாலும் வாயில் வந்ததைச் சொன்னாள். "அடியில தடிச்ச கம்பிய வாசிக்கறாரே ஒருத்தர், அவரு நின்னுட்டா மத்த மூணு பேரும் கீழ விழுந்துருவாங்க." சுருதி கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். டாக்டர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து நாலாவது நாற்காலி போடப்பட்டது. கணவர் ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற மனிதர், அவருக்கு ஆட்சேபணை இல்லை. "கதவ மட்டும் சாத்திட்டுப் போ" என்றார்.

நூற்று நாற்பத்தாறு ஞாயிறுகள் போயின. காய்ச்சலோடுகூடப் போயிருக்கிறாள். இதற்கிடையில் சுருதி ஒரு பெரிய ஆராய்ச்சியும் செய்துவிட்டார். இந்த பேண்ட் எந்தச் சுருதியிலும் ஒழுங்காக நிற்காமல், இரண்டு கட்டைக்கும் நடுவில் வேண்டுமென்றே கம்பியை இழுத்துக் கட்டியிருக்கிறது; அது சமூகத்தின் மேல் அவர்களுக்கு இருந்த கோபம். பதினோரு பக்கம் எழுதி, சொந்தக் கடைதானே என்று நாற்பது நகல் எடுத்து ஊருக்கெல்லாம் கொடுத்தார். கிட்டாரையும் அதே மாதிரி இழுத்துக் கட்டிக்கொண்டார். பழைய கேசட்டில் ஒரு பாட்டு நிதானமாக இருந்ததே என்று சம்பந்தி ஒருதரம் இழுத்ததற்கு, "கேசட்டு தேஞ்சிருக்கும்" என்று மூன்று பேருமாக அவர் வாயை அடைத்தார்கள். அந்த மூன்று பேரில் அக்காவும் உண்டு.

ஆறு பாட்டு மிச்சம் இருக்கையில், ஒரு புதன்கிழமை தொழிற்சாலையில் பழைய பட்டன் துளை மிஷின் ஒன்றுக்கு உதிரி பாகம் தேவைப்பட்டது. ஸ்டோரில் முப்பது வருஷமாக உறை பிரிக்காமல் கிடந்ததை எடுத்து வந்தாள். அது தன் குழியில் போய் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தது. அளந்தால், இருபது மில்லிமீட்டர் இருக்க வேண்டியது இருபது புள்ளி ஏழு காட்டியது. ஸ்டோர்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அந்தக் காலத்து மட்டத் துத்தநாகம்க்கா. வயசானா தன்னால ஊதும். அப்புறம் விரிசல் விட்டுத் துண்டு துண்டா உடையும்."

துண்டு துண்டாக உடையும் என்றதும் அக்கா அளவுகோலைக் கீழே வைத்தாள். ரெக்கார்டு பிளேயரின் புல்லியும் துண்டு துண்டாகத்தான் உடைந்தது. அப்படியானால் அவள் அளந்தது ஊதிப்போன புல்லியை. ஊதின அளவைப் பார்த்துக் கடைந்தால், புதிதும் பெரிதாகத்தானே இருக்கும்? புல்லி பெரிதானால் தட்டு வேகமாகச் சுற்றும்.

மறுநாள் வேலை முடிந்ததும் கிளினிக்குக்கு ஓடினாள். டாக்டர் ஒருத்தர் வாய்க்குள் மும்முரமாக இருந்தார். "பிளேயருக்கு எண்ணெய் விடணும் டாக்டர்" என்று பொய் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். ரெக்கார்டு மூன்று நிமிடத்தில் சரியாக நூறு சுற்று சுற்ற வேண்டும். ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். இரண்டு நிமிடம் ஐம்பத்து நான்கு விநாடியிலேயே நூறு வந்துவிட்டது. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினாள். இந்தத் தடவையும் அதே ஆறு விநாடி. நூற்று நாற்பத்தாறு பாட்டையும் ஓட ஓட விரட்டித்தான் கேட்டிருக்கிறார்கள், காரணம் அவள்.

அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சத்தம் கேட்காது, கீழே டிரில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த அறைக்குள் அவளைக் கொண்டுவந்ததே அந்தப் புல்லிதான். அதுவே தப்பு என்றால் அந்த நாற்காலியில் உட்கார என்ன தகுதி? சம்பந்தி வேறு நெஞ்சை நிமிர்த்திச் சிபாரிசு செய்தவர். அவர் முகத்தில் எப்படி விழிப்பது? சத்தம் போடாமல் புதிதை மாட்டிவிடலாம்தான். ஆறே பாட்டு, எவருக்கும் தெரியாது. சுருதி அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துப் பதினோரு பக்கம் எழுதிக்கொள்வார். இதை நினைத்ததும் அழுகையோடு சிரிப்பும் வந்தது. ஆனால் இருபத்தெட்டு வருஷமாக ஒரு மிஷினையும் அவள் பொய் சொல்லி ஓட்டியதில்லை. அந்த ஞாயிறுகள் போனாலும் போகட்டும் என்று முடிவு பண்ணிக்கொண்டு எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் லேத்தைப் பிடித்தாள். பன்னிரண்டு புள்ளி நான்கை, நூற்றெண்பது விநாடிக்கு நூற்றெழுபத்து நாலு என்ற கணக்கில் குறைத்தால் பன்னிரண்டு. ஒரு மயிரிழை கூடுதலாக விட்டுக் கடைந்து, மிச்சத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாள்.

ஞாயிறு, நூற்று நாற்பத்தேழாம் பாட்டை டாக்டர் உறையிலிருந்து எடுப்பதற்குள் மேசைமேல் புதுப் புல்லியை வைத்து, நடந்ததைச் சொல்லி முடித்தாள். எதையும் மழுப்பவில்லை.

"எல்லாப் பாட்டுமா?" என்றார் டாக்டர்.

"எல்லாப் பாட்டும்தான் டாக்டர்."

தப்பான பல்லைப் பிடுங்கிவிட்டது தெரிந்தவர் போல அவர் முகம் போனது. சம்பந்தி, "ஆறு விநாடிதானே சம்பந்தியம்மா, நம்ம பசங்க பிரேக்கு போடவே அதவிட அதிக நேரம் எடுப்பானுங்க" என்று சமாளித்துப் பார்த்தார். எடுபடவில்லை. சுருதிதான் எழுந்து நின்று கத்தினார். "நாப்பது காப்பி போட்டுக் குடுத்திருக்கேங்க! ஆளாளுக்கு என்னப் பாத்து சிரிப்பாங்களே!"

"மன்னிச்சிருங்க. இத மாட்டிக் குடுத்துட்டு நான் கிளம்பறேன்" என்றாள் அக்கா. பழசைக் கழற்றிப் புதிதை மாட்டினாள். "டாக்டர், நீங்களே எண்ணிப் பாருங்க" என்று கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். டாக்டர் கடிகாரத்தைப் பிடிக்க, சுருதி வேண்டா வெறுப்பாக எண்ண ஆரம்பித்தார். எண்பதைத் தாண்டியதும் மூன்று தலைகளும் தட்டுக்கு மேலே முட்டிக்கொண்டன. "தொண்ணூத்தொம்போது... நூறு!" கடிகாரம் மூன்று நிமிடம் காட்டியது, ஒரு விநாடி முன்பின் இல்லாமல்.

அக்கா ஸ்க்ரூடிரைவர்களைப் பைக்குள் போட்டாள். டாக்டர் அலமாரிக்குப் போய், நாலாவது ரெக்கார்டை எடுத்து, ஐம்பத்தெட்டாம் பாட்டின்மேல் முள்ளை வைத்தார். மெதுவான பாட்டு அது. சபையில் மிகக் கேவலமான மதிப்பெண் வாங்கியது, நாலு. அந்த நாலையும் அழுத்திச் சொன்னவர் டாக்டரேதான்.

இப்போது அதே பாட்டு நிதானமாக நடந்து வந்தது. பாடுகிறவர் ஒவ்வொரு வரிக்கும் அப்புறம் மூச்சு விட்டார். அந்த இடைவெளியில் கிட்டாரின் ஒற்றை நரம்பு நின்று அதிர்ந்தது, போன தடவை அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியவில்லை. சம்பந்தி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். சுருதி முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரும் பார்க்காதபோது கிட்டார் முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். பாட்டு முடிந்தபோது பல் டாக்டர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

"காலேஜ்ல படிக்கறப்ப இத கேசட்டுல ஆயிரம் தடவ கேட்டிருப்பேங்க. என் உசுரு இந்தப் பாட்டு. இங்க போட்டுக் கேட்டப்ப ஒண்ணுமே தோணல. வயசாயிடுச்சு, மனசு மரத்துப்போச்சுன்னு நெனச்சுத்தான் நாலு போட்டேன். வெளிய சொல்லவே வெக்கமா இருந்தது. என் மனசுக்கு ஒண்ணும் ஆகலங்க... பாட்டுதான் ஓடியிருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டவர் அக்காவின் பையைப் பார்த்தார். "நீங்க எங்க கிளம்பறீங்க?"

"தப்பு என்னோடது டாக்டர்."

"தப்பு உங்களோடதுதான். யார் இல்லன்னா? அதுக்காக எங்கள நடுத்தெருவுல விட்டுட்டுப் போவீங்களா? இன்னும் ஆறு வாரத்துல எல்லாம் முடிஞ்சிருக்கும். அப்புறம் ஞாயித்துக்கிழமைய என்ன பண்றதுன்னு ஒரு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல."

"எனக்கும்தான்" என்றார் சம்பந்தி.

எல்லோரும் சுருதியைப் பார்த்தார்கள். அவர் சுருதி இறக்கிய கிட்டாரை ஒரு தடவை மீட்டிப் பார்த்தார். அறை முழுக்க நிறைந்தது. "பதினோரு பக்கம் எழுதினவன் இன்னும் இருபது பக்கம் எழுத மாட்டனா? மறுபடி பிள்ளையார் சுழி போடுங்க" என்றார்.

முதல் ரெக்கார்டு சுற்ற ஆரம்பித்தது. மூன்று தடவை முடிந்ததும் டாக்டர் எட்டு என்றார். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "எட்டா? அந்த டிரம்காரர் ஒவ்வொரு அடியையும் எப்படி ஒரு துளி தாமதிச்சு வைக்கறாரு, கேட்டீங்களா? அவசரப்படாம இருக்கறதுக்கு எவ்ளோ பலம் வேணும் தெரியுமா? பத்து. பத்துக்குக் கொறஞ்சு எழுதினா பேனாவப் பிடுங்கிடுவேன்." டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. சம்பந்தி அக்கா கட்சி, சுருதி ரெண்டு கட்சியும் இல்லை. நாலு பேரும் ஒரே நேரத்தில் பேச, கீழே தெருவில் போகிறவர்கள் பல் பிடுங்குகிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்தச் சண்டைக்கு நடுவில் அக்காவின் கைபேசி அடித்தது. தூங்கி எழுந்த கணவர், எப்போது வருவாய் என்று கேட்டார்.

"கொஞ்சம் நேரமாகும்ங்க" என்றாள் அக்கா, சிரிப்பை அடக்க முடியாமல். "இன்னும் நூத்தம்பத்தோரு பாட்டு இருக்கு."