நர்ஸ் சொன்னதும் நான் சொன்னதும்

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்று எங்கள் சபையில் பெயர். அந்தப் பெயரை நம்பி என்னிடம் ஒரு வேலை கொடுத்தார்கள், அதில் ஒரு பெண் செத்துப்போனாள். எடுத்த எடுப்பில் இதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்க ஆரம்பித்தால் நழுவிவிடுவேன். நான் நழுவிய கதைதான் இது.

எழுபதுகளின் கடைசியில் ஓர் அரையாண்டு விடுமுறை. எனக்கு இருபத்துமூன்று வயது. மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் வேலை, திருநகரில் வீடு. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வெளிநாட்டிலிருந்து ஆறு பேர் ஒரு வாரம் ஊழியம் செய்ய வந்து இறங்கினார்கள். திருவாதவூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் எங்கள் சபைக்கு ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் இருந்தது. அதன் பின்சுவர் மழையில் விழுந்திருந்தது. ஐந்து பேர் அந்தச் சுவரை எழுப்புவது, ஆறாவது ஆளான நர்ஸ் அறைக்குள் வைத்தியம் பார்ப்பது என்று ஏற்பாடு. ஒரு கொத்தனார் இரண்டு நாளில் முடிக்கிற சுவரை அந்த ஐந்து பேரும் வாரம் முழுக்கக் கட்டினார்கள். ஊர்க் கொத்தனார் எதிரே குத்தவைத்து, பீடி குடித்தபடி வேடிக்கை பார்த்தார். அவரைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

நர்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். நெடுநெடுவென்று உயரம், முகமெல்லாம் வெயிலில் சிவந்த புள்ளிகள். முதல் நாளே என்னை எதிரில் உட்காரவைத்துச் சட்டம் போட்டுவிட்டார். "நான் சொல்வதை அப்படியே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இந்த ஒரு வாரம் நீதான் என் வாய்." எனக்குப் பெருமையாக இருந்தது. வாய் என்று ஒருவர் நம்மைச் சொன்னால் அதில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று அப்போது உறைக்கவில்லை.

மார்கழிப் பனி அந்த வருஷம் கடுமை. விடிந்து வெகுநேரம் வரை வயல் தெரியாது. தூரத்துக் கோயில் ஒலிபெருக்கி மட்டும் பனிக்குள்ளிருந்து கேட்கும். எங்கள் வேன் ஊருக்குள் நுழையும்போது ஆட்கள் திடீரென்று ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் முளைப்பார்கள், போர்த்தியிருப்பதால் முகம் தெரியாது. தினமும் அந்த இடம் வந்ததும் நான் ஜன்னலை விட்டு நகர்ந்து உட்காருவேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

இரண்டாம் நாள் ஒரு பெரியவர் வந்தார். சர்க்கரை வியாதி, பாதத்தில் புண். நர்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இந்தக் காலை எடுக்காவிட்டால் ஆள் பிழைக்கமாட்டார் என்றார். நானும் சட்டப்படி, ஒரு வார்த்தை குறைக்காமல், வரிசையில் நின்ற இருபது பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். பெரியவர் குனிந்து கட்டைத் திரும்பச் சுற்றினார். அவர் மகன்தான் என்னைப் பார்த்தான். "வாயி வெளங்குமா ஒனக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் ஒருவர்கூட வரவில்லை. மத்தியானம் வரை நர்ஸ் மேஜையில் பஞ்சையும் மருந்தையும் அடுக்கி அடுக்கிக் கலைத்தார். தெருவில் கதவுகள் சாத்தியிருந்தன. எங்கள் போதகர், நல்ல மனிதர், எல்லாரும் ஐயர் என்று கூப்பிடுவோம், என்னைத் தனியே அழைத்தார்.

"ஏம்மா, கொஞ்சம் பதமாச் சொல்லக் கூடாதா? காலை வெட்டணும்னு முகத்துக்கு நேராச் சொன்னா எவன் வருவான்?"

"அவங்க சொன்னதத்தான் சொன்னேங்கய்யா."

"அவுக நாலு நாள்ல பிளேன் ஏறிருவாக. நாம இங்கதான இருக்கணும். பாத்துச் சொல்லு."

அன்று சாயங்காலம் அவரும் நானும் வீடு வீடாகப் போய், பயப்படாமல் வாருங்கள் என்று கூப்பிட்டோம். அதனால்தான் வியாழக்கிழமை அந்தப் பெண் வந்தாள். நாங்கள் கூப்பிட்டுத்தான் வந்தாள்.

இருபது வயதுகூட இருக்காது. எட்டு மாதம் நிறைந்திருந்தது. தலைச்சன் பிள்ளை. கூடவே மாமியார், மருமகளின் முழங்கையைப் பிடித்தபடி, கோழிக்குஞ்சை அணைப்பதுபோல அணைத்துக் கூட்டிவந்தார். மாமியார் என்றால் கொடுமைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. அந்த அம்மா அந்தப் பெண் மேல் உயிராக இருந்தார். பெண்ணுக்குக் கால் ரெண்டும் வீங்கி மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது. தலைவலி மூன்று நாளாக விடவில்லை, கண் முன்னால் மின்னல் மாதிரி வெட்டுகிறது என்றாள். முகமும் உப்பியிருந்தது. ஊரில் அதைப் பூரிப்பு என்று சொல்லியிருக்கிறார்கள்.

நர்ஸ் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். அடுத்த கையிலும் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவளுக்கு நேராக உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் அவளையே பார்த்துப் பேசினார். "இது ஆபத்து. எந்த நேரமும் வலிப்பு வரலாம். வந்தால் நீயும் சாகலாம், குழந்தையும் சாகலாம். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளைக்கு இல்லை. வாசலில் எங்கள் வேன் நிற்கிறது, இப்படியே எழுந்து வா, நானும் கூட வருகிறேன்."

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

பிள்ளைத்தாய்ச்சியின் காதில் சாவு என்ற சொல் விழக் கூடாது. எங்கள் பக்கத்தில் இதற்குச் சாமி வித்தியாசம் கிடையாது. என் அக்கா உண்டாகியிருந்தபோது எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தது. கெட்ட செய்தி அவள் காதுக்குப் போகாமல் எங்கள் அம்மா பத்து நாள் காவல் இருந்தார். ஜெபத்தில்கூட அந்த வார்த்தையைத் தவிர்ப்போம். அதை நான் வாயெடுத்துச் சொல்லி, அதுவே பலித்துவிட்டால்? முந்தாநாள் அந்த மகன் பார்த்த பார்வையும், ஐயர் சொன்னதும் சேர்ந்துகொண்டன. இப்படி ஆயிரம் காரணம் சொல்லலாம். உண்மையில் எனக்கு நல்ல பிள்ளை என்று பேர் வாங்க வேண்டியிருந்தது.

"ரத்தக் கொதிப்பு கொஞ்சம் கூட இருக்காம். பெரியாஸ்பத்திரியில ஒருக்கக் காட்டுறது நல்லதுங்கிறாங்க. உப்பைக் கொறச்சுக்கிரச் சொல்றாங்க."

மாமியார் முகம் தெளிந்தது. "அம்புட்டுத்தானா டீச்சரம்மா. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். மார்கழியில எங்கிட்டு அனுப்புறது? தை பொறந்ததும் வளைகாப்புப் போட்டு அவுக ஆத்தா வீட்டுக்கு விடுறோம். அங்கன இருந்து ஆஸ்பத்திரி பக்கத்துலதான்."

"என்ன சொல்கிறார்கள்?" என்று நர்ஸ் கேட்டார்.

"வீட்டில் சொல்லிவிட்டு வருகிறார்களாம்."

"எப்போது?"

"சீக்கிரம்."

நர்ஸ் என்னை நன்றாகப் பார்த்தார். "அவள் சாகலாம் என்று சொன்னாயா?"

"சொன்னேன்," என்றேன்.

அன்று பொழுது சாயும்வரை வேன் காத்திருந்தது. நர்ஸ் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். நான் நோயாளிகளின் பெயர்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். வெள்ளிக்கிழமை காலையில் நர்ஸ் முதலில் கேட்டதும் அவளைப் பற்றித்தான். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் அவள் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தையைக் கூட்டிக்கொண்டே போனேன்.

அவள் வாசலில் பாயில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தாள். நெற்றியில் பற்று. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று மாமியார் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார். எனக்குக் காப்பி போட உள்ளே போனார். அடுப்பங்கரை நாலு எட்டில்தான் இருந்தது. அவர் முதுகை நான் பார்த்தேன். தை மாதத்தில் எப்போது வளையல்காரர் வருவார், எந்த நாள் நல்ல நாள் என்று சொல்லிக்கொண்டே அடுப்பை ஊதினார்.

அந்தப் பெண் கண்ணைத் திறக்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அந்த வெள்ளக்காரம்மா எம்புட்டு நேரம் பேசுனாக. நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டீக. மிச்சம் என்ன சொன்னாக?"

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் அளவு தெரிந்திருக்கிறது. சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஒனக்காக ஜெபம் பண்ணுறேன்னு சொன்னாங்க."

"நல்லா இருப்பாக," என்றாள்.

காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். சூடாக இருந்தது, முழுசாகக் குடித்தேன்.

சனிக்கிழமை கடைசி நாள். சுவர் முடிந்து, ஐந்து பேரும் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பனி விலகவில்லை. முதலில் மாட்டுவண்டியின் சத்தம்தான் கேட்டது, பிறகு மாமியாரின் குரல், அதற்குப் பிறகே வண்டி தெரிந்தது. விடியற்காலையிலிருந்து இரண்டு முறை வலிப்பு வந்திருக்கிறது. நாக்கைக் கடித்து உதடெல்லாம் ரத்தம். நர்ஸ் ஓடிப்போய் அவளை வேனில் ஏற்றினார். ஒத்தக்கடை தாண்டும்போது மூன்றாம் தடவை வந்தது. அவள் கால்களை நான்தான் அமுக்கிப் பிடித்திருந்தேன். அதன் பிறகு அவள் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, பிழைத்தது. தாய் பிற்பகலில் போய்விட்டாள்.

வராந்தாத் தரையில் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்திருந்தார். நர்ஸ் அவருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். ஐயர் தூணோரம் நின்றார். மாமியார் நிமிர்ந்து நர்ஸைப் பார்த்துத்தான் கேட்டார், என்னை அல்ல.

"கையப் புடிச்சுப் பாத்தியே தாயி. இப்பிடி ஆகும்னு ஒனக்குத் தெரியலையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மார்கழியாவது மண்ணாவதுன்னு அன்னைக்கே தூக்கிட்டு வந்திருப்பேனே."

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்?"

ஐயருக்கு இரண்டு மொழியும் தெரியும். அவர் தரையைப் பார்த்தார்.

"நன்றி சொல்கிறார்," என்றேன்.

நர்ஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த அம்மாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார், ஆமாம் ஆமாம் என்பதுபோல. மாமியார் அதைப் பார்த்தார். தெரியாமல்தான் போயிற்று என்று இந்த வெள்ளைக்காரி ஒப்புக்கொள்கிறாள் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "விடு தாயி, நீ என்ன செய்வ," என்று அவர் நர்ஸின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"இப்போது என்ன சொன்னார்?" என்று நர்ஸ் கேட்டார். அதை மட்டும் நான் அப்படியே மொழிபெயர்த்தேன்.