ஆளில்லாத மென்பொருளும் என் வீட்டுக்காரரும்

பகலில் எனக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. மௌஸ் நகரவில்லை, நெட் வரவில்லை என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே பாதி நாள் போய்விடும். அதற்காவது சம்பளம் உண்டு. சம்பளமே இல்லாமல் நானாகப் போய் மாட்டிக்கொண்ட இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோவில் தன்னார்வலர் வேலை.

இதை உறவினர்களுக்கு விளக்கி விளக்கி அலுத்துவிட்டேன். லினக்ஸ் என்பது யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இயங்குதளம். அதில் ஒருவர் படம் பார்க்கவோ பில் போடவோ வேண்டுமென்றால் கூடவே ஏகப்பட்ட மென்பொருள்கள் வேண்டும். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் தனித்தனியாக எழுதிய அவற்றையெல்லாம் திரட்டி, ஒன்றோடொன்று சண்டை போடாமல் ஓடும்படி கட்டிக் கொடுப்பதுதான் டிஸ்ட்ரோ. கட்டுகிறவர்கள் நாங்கள். "நல்ல காரியந்தானுங்களே" என்பார்கள். நல்ல காரியம்தான், எழுதியவர் மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிறவராக இருக்கும் வரைக்கும்.

எழுதியவர்கள் போய்விடுகிறார்கள். சிலருக்கு வேலை மாறுகிறது, சிலருக்கு ஆர்வம் போய்விடுகிறது, சிலருக்கு என்ன ஆனதென்றே தெரியாது. மென்பொருள் மட்டும் இருக்கிறது. ஓடவும் செய்கிறது. ஓடுவதுதான் தலைவலி. ஓடாததைத் தூக்கிப் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். ஓடுவதை எப்படித் தூக்குவது? ஆனால் அது தானாக ஓடுவதில்லை. அதற்குக் கீழே இருக்கிற மற்றதெல்லாம் வருடா வருடம் மாறிக்கொண்டே இருக்கும். மாறும்போதெல்லாம் யாராவது ஒருவர் அந்த ஆளில்லாத நிரலைத் திறந்து, இங்கே ஒரு ஒட்டு அங்கே ஒரு ஒட்டுப் போட்டு, மறுபடி ஓட வைக்க வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் நான்தான்.

திரையில் ஜன்னலும் பொத்தானும் வரைவதற்கென்று ஒரு பழைய லைப்ரரி இருந்தது. பல மென்பொருள்கள் பொதுவாக நம்பியிருக்கும் துணைநிரல் அது. அதை உருவாக்கியவர்களே கைவிட்டு, புதிதாக வேறொன்றைக் கொடுத்துவிட்டார்கள். நாளைக்குப் பழையதில் வெளியாள் புகக்கூடிய ஓர் ஓட்டை தெரிந்தால் அடைக்க ஆளில்லை. அதனால் அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிடலாம் என்று எங்கள் குழு முடிவு செய்தது. எடுத்தால், அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் மென்பொருள்களும் கூடவே விழும். எவையெவை விழும் என்று பார்த்து எல்லோருக்கும் அறிவிக்கிற வேலையை, கூட்டத்தில் வாயைத் திறந்த பாவத்துக்கு, என் தலையில் கட்டினார்கள்.

அப்படி விழப்போவதில் ஒன்று, துணிக்குக் கட்டம் போடுகிற மென்பொருள். அது எங்கள் வீட்டு முன்னறையில், தினமும், என் வீட்டுக்காரரின் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிற மென்பொருள்.

அவர் விசைத்தறிக்காரர்களுக்கு லுங்கிக்கும் துண்டுக்கும் டிசைன் போட்டுக் கொடுக்கிறவர். குமாரபாளையம் வரைக்கும் அவருக்கு வாடிக்கைக்காரர்கள் உண்டு. எந்த நிறத்தில் எத்தனை நூல் என்று அடித்தால் அந்த மென்பொருள் முழுத் துணியையும் திரையில் காட்டிவிடும். தறியில் நீளவாக்கில் போகிற பாவு நூலை எப்படி ஓட்ட வேண்டுமென்று அச்சடித்தும் கொடுக்கும். கல்யாணமான புதிதில் அவருடைய கணினி முழுக்க வைரஸாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்ததும், இந்த மென்பொருளைத் தேடிப் பிடித்து வைத்ததும் நானேதான்.

சொந்த வீட்டில் ஓடுகிறது என்பதற்காக விட்டுவிட்டு, ஊரார் பயன்படுத்துவதை மட்டும் எடுக்க முடியுமா? அறிவிப்பில் அதையும் சேர்த்தேன். காலையில் காபி குடிக்கும்போது அவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, உங்க கட்டம் போடற சாஃப்ட்வேர் அடுத்த வெர்சன்ல போயிருமுங்க."

"எங்க போவுது? ஊட்டுக்குள்ளதான இருக்குது" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விளக்கினேன். எழுதியவர் யாரோ வெளிநாட்டுக்காரர், பல வருடமாக ஆளைக் காணோம், அவர் முகவரிக்கு அனுப்பினால் மின்னஞ்சல் திரும்பி வருகிறது என்றேன்.

"அந்தாளு இல்லைனா என்ன? சாஃப்ட்வேர் ஓடுதுல்ல?"

"ஓடுதுங்க. ஓட வெக்கறதுக்கு ஒருத்தரு வேணுமில்ல?"

"நேத்துக்கூட நாலு டிசைன் போட்டேன். யாரும் வந்து ஓட வெக்கலியே."

என் ஒட்டுகளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். எதிரே போர்வெல் போடுகிற ரிக் லாரிகளுக்கான பட்டறையில் வெல்டிங் சத்தம் ஆரம்பித்துவிட்டது. அதற்கு மேல் கத்திப் பேச எனக்குத் தெம்பில்லை. அவரே கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறைக்கு வந்தார்.

"ஏம்புள்ள, அது உங்கையிலதான இருக்குது? அது ஒன்னைய மட்டும் உட்ருன்னா முடிஞ்சுது."

"அப்படியெல்லாம் உட முடியாதுங்க."

"கட்டிக்கிட்டவனுக்கு இதுகூடச் செய்ய மாட்டயா?"

"கட்டிக்கிட்டவருக்குன்னு செஞ்சா நாளைக்கு அங்க நான் வாயத் திறக்க முடியாது."

அவர் முன்னறைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் வீட்டில் சோறு, தண்ணி, சாவி என்ற அளவுக்குத்தான் பேச்சு.

இதற்கிடையில் அறிவிப்புக்குப் பதில்கள் வர ஆரம்பித்தன. எங்களுடைய விவாதமெல்லாம் மின்னஞ்சல் குழுவில், யார் வேண்டுமானாலும் படிக்கவும் எழுதவும் முடிகிறபடி நடக்கும். அதில் குளிர் நாடு ஒன்றிலிருந்து எழுதுகிற ஒருவர் உண்டு. எதை எடுக்கலாம் என்றாலும் எதிர்ப்பார். இந்த முறையும் பக்கம் பக்கமாக எழுதினார். குறை இருக்கிறதென்று யாராவது புகார் கொடுத்தார்களா? இல்லையே. புகாரே வராத மென்பொருள் என்றால் அது முழுமையடைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? முழுமையடைந்ததைக் கைவிடப்பட்டது என்று சொல்வது என்ன நியாயம்? இப்படி. அவருக்கு ஆமாம் போட இன்னும் சிலர் வந்தார்கள். சரி, உங்களில் யார் இதைப் புதிய லைப்ரரிக்கு மாற்றித் தருகிறீர்கள் என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. வேலை செய்கிறது என்று சொல்ல இத்தனை பேர் வருகிறார்கள், வேலை செய்ய ஒருவரும் வரமாட்டேன் என்கிறார்கள்.

ஒரு நாள் மதியம் ஆய்வகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு புதிதாக வந்த பதில்களைப் பார்த்தேன். ஒன்றின் மேலே அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் புரையேறிவிட்டது. என் வீட்டுக்காரர்.

தமிழில் எழுதி போனில் மொழிபெயர்த்திருக்கிறார் என்பது ஆங்கிலத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. நான் தென்னிந்தியாவில் லுங்கி டிசைன் போடுகிறவன், இந்த மென்பொருள்தான் எனக்குத் தொழில், இதில் ஒரு குறையும் இல்லை, ஐயாமார்களும் அம்மாமார்களும் தயவு செய்து நீக்க வேண்டாம் என்று எழுதி, தன் டிசைன்களில் பளிச்சென்ற சிலவற்றை இணைத்திருந்தார். எனக்கு என்ன உறவு என்று ஒரு வார்த்தை இல்லை.

குளிர் நாட்டுக்காரருக்குத் திருவிழாதான். இதோ பாருங்கள், ரத்தமும் சதையுமான ஒரு பயனர், இவருடைய பிழைப்பில் கை வைக்கப் போகிறீர்களா என்று என்னைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தார். டிசைன்கள் அழகாக இருக்கின்றன என்று பலர் பாராட்டியிருந்தார்கள். ஒரு அம்மாள் அந்தப் பச்சைக் கட்டம் போட்ட லுங்கி எங்கே கிடைக்கும் என்று விசாரித்திருந்தார்.

டப்பாவை மூடி வைத்தேன். சும்மா இருந்தால் பிற்பாடு யாராவது கண்டுபிடித்து, இவளே ஆளை வைத்து நாடகம் போட்டாள் என்பார்கள். மறைக்கிற விஷயமும் இல்லை. அதனால் இரண்டே வரி எழுதினேன். மேலே எழுதியிருப்பவர் என் கணவர். அவர் சொல்வதெல்லாம் உண்மை, ஆனாலும் என் கருத்தில் மாற்றமில்லை.

குழுவில் சிரிப்பான சிரிப்பு. இன்றைக்கு இரவு உங்களுக்குச் சாப்பாடு உண்டா என்று ஒருவர் என்னைக் கேட்டார். அதே கேள்வியை இன்னொருவர் என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்டச் சொல்லாம எதுக்குங்க அங்க போயி எழுதினீங்க?"

"உங்கிட்டச் சொன்னா உட்ருவயா?"

"மானம் போவுதுங்க எனக்கு."

"எம் பொழப்பு போவுதே, அது?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "அத்தன பேரு வேணும்ங்கறாங்கல்ல புள்ள. பாத்தயா?"

"பாத்தேன். செஞ்சு தாரேன்னு யாராச்சும் சொன்னாங்களா, அதைப் பாத்தீங்களா?"

அவர் போனை எடுத்து மறுபடி மேலிருந்து கீழே வரைக்கும் மொழிபெயர்த்துப் படித்தார். நான் முகம் கழுவி, டீ வைத்துக் கொண்டுவந்து கொடுக்கும் வரைக்கும் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்கற மாதிரியேதான் அல்லாரும் எழுதியிருக்காங்க. ஒருத்தனும் கை வெக்க மாட்டேங்கறானே?"

"அதையேதானுங்க நான் இத்தன நாளாச் சொல்றேன்."

"அந்தப் பெரிய பெரிய லெட்டரு எழுதறவரு?"

"அந்த சாஃப்ட்வேரை எழுதியிருக்கற கம்ப்யூட்டர் மொழி அவருக்கு வராதாமுங்க."

அவர் டீயைக் குடித்தார். கோபம் என் மேல் இருந்து குளிர் நாட்டுக்காரர் மேல் நகர்ந்துவிட்டது தெரிந்தது. எனக்கு அந்த மட்டில் சந்தோஷம்.

சொன்னபடி அந்தப் பதிப்பில் மென்பொருளை எடுத்துவிட்டோம். அவருடைய கணினியை மட்டும் பழைய பதிப்பிலேயே நிறுத்தி வைத்தேன். கொஞ்ச காலம் ஓடியது. பிறகு பேங்க் பக்கம் திறக்க மறுத்தது, அப்புறம் ஜிஎஸ்டி பக்கம். பிரவுசர் பழசு என்றது. பிரவுசரைப் புதிதாக்கினால் அடியில் இருப்பதெல்லாம் புதிதாக வேண்டும். கட்டம் வேண்டுமா, ஜிஎஸ்டி வேண்டுமா என்று முன்னறையில் நின்று கேட்டேன். ரெண்டும் வேணும் என்றார். அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

கடைசியில் நான்தான் உட்கார்ந்தேன். வேறு யார் உட்காருவார்கள்? ஞாயிற்றுக்கிழமைகளில், துணி துவைக்கப் போட்டுவிட்டு, அந்தக் காணாமல் போன மனிதருடைய நிரலைத் திறந்து ஒவ்வொரு ஜன்னலாகப் புதிய லைப்ரரிக்கு மாற்றினேன். மாற்றிய நேரமெல்லாம் திட்டிக்கொண்டே இருந்தேன். விளக்கக் குறிப்பு ஒன்றுகூட எழுதாமல் போயிருக்கிறார் மனிதர். கரண்ட் போகும்போதெல்லாம் வீட்டுக்காரர் வந்து விசிறிவிட்டார். அதில்கூட எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த வேலையில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். டிசைனில் பாதியை மட்டும் அடித்தால் மறுபாதியைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிச் சேர்த்துக்கொள்கிற வசதி அதில் உண்டு. அப்படிச் சேர்க்கும்போது நடுவில் வருகிற பட்டையில் ஒரு நூல் குறைந்துவிடும். எழுதியவருடைய எளிய கணக்குப் பிழை. திருத்தினேன். எனக்கே பெருமையாக இருந்தது. ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன்.

மறுநாள் கல்லூரியில் இருக்கும்போதே போன் வந்தது.

"ஏம்புள்ள, என்ன பண்ணி வெச்சிருக்கற? நடுப்பட்டையில ஒரு நூலு சாஸ்தியா வருது."

"சாஸ்தியா வராதுங்க. முன்னாடி ஒன்னு கொறஞ்சுது. இப்பத்தான் சரியா வருது."

"ஒன்னு கொறையும்னு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் நான் எப்பவும் ஒன்னு சேத்தி அடிப்பேன்."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"தெரியுமா? அப்புறம் எதுக்குங்க ஒரு குறையும் இல்லைன்னு ஊருக்கெல்லாம் எழுதினீங்க?"

"அது ஒரு கொறையா? அது அப்படித்தான் ஓடும். நீ பழையபடியே வெச்சுரு. எம் பழைய டிசைன் அல்லாம் ஒரு நூலு சேத்தித்தான் கெடக்குது."

புகாரே வராததற்குக் காரணம் இதுதானா என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆய்வகத்தில் மாணவர்கள் இருந்ததால் அடித்துக்கொள்ளவில்லை. உங்கள் வசதிக்காகத் தப்பைத் தப்பாகவே வைக்க முடியாது என்று சொல்லி போனை வைத்தேன்.

திருத்தியதை டிஸ்ட்ரோவில் மறுபடி சேர்த்தோம். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் போட்டாயிற்று. முதல் வாரத்திலேயே மின்னஞ்சல்கள் வந்தன. இத்தனை வருடம் ஆளில்லாமல் கிடந்தபோது யாரும் ஒன்றும் கேட்டதில்லை. ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லாருக்கும் எல்லாம் வேண்டியிருந்தது. பொத்தானை இடப்பக்கம் வைக்க முடியுமா, திரை கறுப்பாக இருந்தால் கண்ணுக்கு நல்லதே, மொபைலில் எப்போது வரும்? லுங்கி விசாரித்த அந்த அம்மாள், கைத்தறியில் நெய்கிறவராம், தன் பழைய டிசைன்களிலெல்லாம் நடுவில் ஒரு நூல் கூடிப்போய்விட்டது, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று எழுதியிருந்தார்.

அதை வீட்டுக்காரரிடம் காட்டினேன். படித்தார்.

"நாஞ் சொன்னேன்ல?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து, பழைய டிசைனைத் திறந்தால் பழைய கணக்கு, புதிதாகப் போட்டால் சரியான கணக்கு என்று இரண்டுக்கும் இடம் வைத்தேன். அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முடித்து அனுப்பியதும், "நல்லாருக்குது புள்ள" என்றவர், அதே மூச்சில், பட்டையை அகலப்படுத்த மௌஸாலேயே இழுக்கிற மாதிரி ஒன்று வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். மற்றவர்களைப் போலக் குழுவுக்கு எழுதிக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்த் துணியைக் காயப்போட்டேன். திரும்பி வந்து பார்த்தால், எழுதியிருந்தார். குளிர் நாட்டுக்காரர் அதற்குள் அதை ஆதரித்து மூன்று பத்தி எழுதியிருந்தார்.