முட்டை வண்டிக்கு ஒதுங்கி நின்றவள்

என் அக்கா மகளுக்கு 'அப்பீல்' என்று பட்டப்பெயர் வைத்தது அவளைப் பெற்ற அப்பாதான். சின்ன வயதில் வீட்டில் எந்தத் தீர்ப்பைச் சொன்னாலும் அவள் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டாள். வெளியே விளையாடப் போகக் கூடாது என்று சொல்லிப் பாருங்கள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். "நேத்து மட்டும் ஏன் விட்டீங்க? நேத்துக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம்?" என்பாள். "ஆரம்பிச்சுட்டா பாரு அப்பீலு!" என்று அத்தான் விழுந்து விழுந்து சிரிப்பார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க வீட்டு வக்கீலம்மாவைப் பாருங்க" என்று காட்டுவார். அப்போதெல்லாம் அவள் பேச்சு அவருக்குச் சர்க்கரையாக இருந்தது.

இப்போது அவள் என் தையல் கடையில் காலர் வெட்டிக்கொண்டிருக்கிறாள். நன்றாகத்தான் வெட்டுகிறாள், பிசிறே இருப்பதில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றோடுதான் இதை எழுதுகிறேன். நிதானமாக, நாலு பேர் மனம் நோகாமல் எழுத வேண்டுமென்றால் அதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

என் கடை டவுனில், கோர்ட்டுக்குப் போகிற தெருவில் இருக்கிறது. கடை என்றால் ஒரே அறை. இரண்டு மெஷின், ஒரு வெட்டுமேசை, சுவர் முழுக்கப் பள்ளிக்கூடச் சீருடைகள். அவள் ஊரிலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்கு வந்து படித்தாள். பள்ளி விட்டதும் கடைக்கு வந்து பையைத் துணி மூட்டைமேல் போட்டுவிட்டுக் காணாமல் போவாள். முதலில் நான் பயந்தேன். வயசுப் பிள்ளை, எங்கே போகிறாளோ என்று ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தால், மகாராணி கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள்!

"அங்க என்னடி இருக்கு? ஒரே கொட்டாவியும் இருமலுமா இருக்கு" என்று கேட்டேன்.

"சித்தி, இன்னைக்கு ஒரு பொம்பளை வக்கீல் எழுந்து பேசினாங்க. எழுதிட்டே இருந்த ஜட்ஜு பேனாவைக் கீழ வெச்சுட்டு நிமிர்ந்து பார்த்தாரு. ஒரு பொம்பளை பேசறதைக் கேக்கறதுக்கு, சித்தி!"

எனக்கு அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் என் அக்கா பேசினால், அத்தான் கையில் இருக்கிற பல் குச்சியைக்கூடக் கீழே வைக்க மாட்டார். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பிள்ளைக்குப் பைத்தியம். படித்தால் சட்டம், இல்லாவிட்டால் படிப்பே வேண்டாம் என்று நின்றாள். மெஷின் ஓடுகிற சத்தத்தில்தான் படித்தாள், நல்ல மார்க் வாங்கினாள், சட்டக் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. விடுமுறை முடிந்ததும் வகுப்பு ஆரம்பம். அத்தானும் "போகட்டும், நம்ம குடும்பத்துல ஒரு வக்கீல் இருந்தா நல்லதுதானே" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்த 'நல்லது' எதற்கென்று சொல்ல வேண்டும். அத்தானுக்கும் பக்கத்து நிலத்துக் கோழிப்பண்ணைக்காரருக்கும் ஒரு வழித்தகராறு. பண்ணைக்கு வண்டி போகிற பாதை அத்தான் நிலத்தின் ஓரமாகப் போகும். காலங்காலமாகப் போகிற பாதைதான். ஒருநாள் ஏதோ வாய்ச்சண்டை முற்றி, அத்தான் ராவோடு ராவாகக் கல்லு நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். "இங்க பாதையே கிடையாது. வெறும் வரப்புதான். ஆள் நடக்கலாம், வண்டி என்னைக்குமே போனதில்லை" என்று சாதித்தார். பண்ணைக்காரர் கோர்ட்டுக்குப் போனார்.

சாட்சி சொல்லும் கட்டம் வந்தபோது அத்தான் பக்கம் பேச ஊரில் ஒரு ஈ காக்கை வரவில்லை. எல்லோரும் அந்தப் பாதையில் வண்டி ஓட்டியவர்கள், எப்படி வருவார்கள்? அத்தான் பகை எதற்கு என்று பண்ணைக்காரர் பக்கமும் ஊர்க்காரர் யாரும் ஏறவில்லை, அவர் வீட்டு ஆட்கள்தான் சாட்சி சொன்னார்கள். அப்போதுதான் எங்கள் வக்கீல், "உங்க பொண்ணு நல்லாப் பேசுமாமே, அதையே ஏத்திடலாமே" என்று ஆரம்பித்தார். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் கூண்டில் ஏறி எதிர்க்கட்சி வக்கீலை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப் போகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சட்டம் என்றால் வாய், வாய் என்றால் தன் மகள். அவ்வளவுதான் அவர் கணக்கு. நான் சொன்னேன், "அத்தான், அவ தினமும் அந்தப் பாதையிலதான் நடந்து பஸ்ஸுக்குப் போறா. அவளைப் போய்க் கூண்டுல ஏத்தறீங்களே, வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்காதீங்க." காதில் விழுந்தால்தானே!

அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம், ஆமாம், எங்கள் நிலம்தான், ஆமாம், வரப்பு இருக்கிறது என்று அளந்து பதில் சொன்னாள். அத்தான் முகமெல்லாம் பல். பிறகு எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். வழுக்கைத் தலை, அப்பாவி முகம். வழியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

"லா படிக்கப் போறியாம்மா?"

"ஆமா சார்."

"சந்தோஷம். பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவே?"

"பண்ணை வழியா நடந்து மெயின் ரோட்டுக்குப் போய், பஸ் ஏறுவேன் சார்."

"எதிர்ல முட்டை வண்டி வந்தா என்ன பண்ணுவே?"

கேள்வி எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்தது. அவள் கண் ஒரு தடவை அப்பாவைப் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு ஜட்ஜைப் பார்த்தாள். எழுதிக்கொண்டிருந்த ஜட்ஜ் நிமிர்ந்திருந்தார்.

"ஒதுங்கி நிப்பேன் சார்."

"எங்க ஒதுங்குவே?"

"வரப்பு மேல ஏறி நின்னுக்குவேன். வண்டி பாதையில போயிடும்."

முடிந்தது கதை. வழுக்கைத் தலை வக்கீல், "நல்லா வருவேம்மா நீ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வெளியே வந்ததும் நான் அவள் கையைப் பிடித்து, "தெரிஞ்சுதான் சொன்னியா, வாய் தவறிடுச்சா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதான் சித்தி. முதல்முதல்ல கோர்ட்ல நிக்கறேன். பொய்யோடயா ஆரம்பிக்கறது?"

அந்த நிமிஷம் என் தங்கத்தை அப்படியே தூக்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

அத்தான் அவளோடு பேசுவதை நிறுத்தினார். பேசியதெல்லாம் சுவரோடுதான். "படிக்கறதுக்கு முன்னாடியே பெத்தவனைத் தெருவுல நிறுத்திட்டா. படிச்சா என்ன பண்ணுவாளோ! காலேஜும் கிடையாது, ஒண்ணும் கிடையாது." நான் படிக்க வைக்கிறேன், என்னோடு இருக்கட்டும் என்றேன். "தாராளமா கூட்டிட்டுப் போ. உங்க அக்காவும் பெட்டியைக் கட்டிக்கிட்டு உன்கூடவே வரட்டும். திரும்பி வர வேண்டாம்" என்றார். அக்கா அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு கிளம்பினேன்.

உண்மையால் லாபம் அடைந்தவராவது நன்றி சொன்னாரா? அந்தக் கோழிப்பண்ணைக்காரர் மகளின் சீருடை வாங்கக் கடைக்கு வந்தார். நீங்களாவது அத்தானிடம் சமாதானமாக ஒரு வார்த்தை பேசுங்கள், உங்களால்தானே பிள்ளை படிப்பு போகிறது என்றேன். அவர் உருப்படிகளை எண்ணிப் பையில் போட்டபடியே, "உங்க பொண்ணு நல்ல பொண்ணுதாம்மா. ஆனா எனக்கும் பொண்ணு இருக்கு. பெத்த அப்பனையே கூண்டுல ஏறிக் காட்டிக் குடுக்கறதை எப்படிம்மா நல்லதுன்னு சொல்றது?" என்றார். சீருடைக்குள் ஊசியை விட்டுத் தைத்துக் கொடுக்காமல் போனோமே என்றிருந்தது.

அப்புறம்தான் எங்கள் வக்கீல் அந்த யோசனையைக் கொண்டுவந்தார். மனு போட்டு அவளை மறுபடி கூண்டில் ஏற்றலாம், சொன்னதை மாற்றிச் சொன்னால் கேஸ் பிழைக்கும் என்றார். அத்தான் சுவரை விட்டுவிட்டு நேராக மகளிடம் வந்தார். "இதை மட்டும் செய்மா. அப்புறம் நீ எந்தக் காலேஜ் வேணும்னாலும் போ. குறுக்கே நின்னா என்னை ஏன்னு கேளு." குழைந்து குழைந்து பேசினாராம். அக்காவும் அழுதாளாம்.

அவள் கடைக்கு வந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். செய்யாதே, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன்.

"அடுத்த வருஷம் எனக்கு மாப்பிள்ளைதான் பார்ப்பாங்க, காலேஜ் இல்ல. ஒரே ஒரு பொய், சித்தி. அதுக்கப்புறம் வாழ்நாள் பூரா உண்மைக்கே வாதாடிக்கறேன்."

"பொய்யை முன்பணமாக் குடுத்து உண்மையை வாங்கப் போறியாடி?" என்று கத்தினேன். அவள் எழுந்து வெட்டுமேசைமேல் கிடந்த துணியை மடிக்க ஆரம்பித்தாள். முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள் என்று அப்போது புரிந்தது.

இரண்டாம் முறை கூண்டில் ஏறினாள். அன்றைக்குப் பயத்தில் குழம்பிவிட்டதாகச் சொன்னாள். "முட்டை வண்டிக்கு ஒதுங்கினது மெயின் ரோட்டுல சார். அங்கயும் ஓரத்துல ஒரு வரப்பு இருக்கு. நீங்க ரெண்டையும் சேர்த்துக் கேட்டதால குழம்பிட்டேன்." வழுக்கைத் தலை வக்கீல் குறுக்கும் நெடுக்கும் கேட்டுப் பார்த்தார். அவள் பிடி கொடுக்கவில்லை. சொல்லவே நாக்கு கூசுகிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்: அது நல்ல வாதம். அவர் கேள்வியை விட்டுவிட்டு உட்கார்ந்தார். ஜட்ஜ் மட்டும் இந்தத் தடவை எழுதியபடியே இருந்தார், நிமிர்ந்து அவளைப் பார்க்கவே இல்லை.

வீட்டில் பெட்டி தயாரானது. நான் நாலு சுடிதார் தைத்துக் கொடுத்தேன். அக்கா போர்வை வாங்கினாள். அத்தான் பேசினார், சிரித்தார், மறுபடியும் 'அப்பீலு' என்று கூப்பிட்டார். கல்லூரி திறப்பதற்குச் சில நாள் முன்னால் தீர்ப்பு வந்தது.

அத்தானுக்கு ஜெயம். இந்தப் பெண் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறாள், இவள் சாட்சியத்தை எந்தப் பக்கத்துக்கும் எடுத்துக்கொள்ள முடியாது, இவள் நம்பத்தகுந்தவள் அல்ல என்று ஜட்ஜ் படித்தார். அவள் பேச்சைத் தள்ளிவிட்டால் பண்ணைக்காரரிடம் மிஞ்சியது அவர் வீட்டு ஆட்களின் சாட்சி மட்டும்தான். அது போதாது என்று வழக்கைத் தள்ளினார். அத்தான் கோர்ட் வாசல் டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். ஊரில் லாரி ஓட்டுகிற ஒருத்தர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே, "கேஸ் ஜெயிச்சாச்சு, சரி. ஆனா உங்க பொண்ணைப் பொய்க்காரின்னு ஜட்ஜே சொல்லிட்டாராமே?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை.

மறுநாள் அவளை வழியனுப்பலாம் என்று நான் ஊருக்குப் போனேன். பெட்டி கூடத்தில் இருந்தது. அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார். அக்கா கண் வீங்கியிருந்தது.

"அவ போகல" என்றார் அத்தான்.

"என்னது?"

"நீயே யோசிச்சுப் பாரு. நம்ப முடியாத ஆளுன்னு கோர்ட்டே சொல்லியாச்சு. ஊர் பூரா சிரிக்குது. நாளைக்கு இவ கோட்டு மாட்டிக்கிட்டு அதே கோர்ட்ல எந்த மூஞ்சியோட நிப்பா? எவன் இவளை நம்பிக் கேஸ் குடுப்பான்? அஞ்சு வருஷம் படிச்சு வீட்டுல உக்காரவா?"

"யாருக்காக அவ அந்தப் பேரை வாங்கினா? உங்களுக்காகத்தானே! காரியம் ஆகற வரைக்கும் காலைப் பிடிக்கறது, ஆனதும் கழுத்தைப் பிடிக்கறதா? நீங்களும் ஒரு மனுஷனா அத்தான்? வாக்குக் குடுத்தீங்களே!"

"குடுத்தேன். இல்லேன்னு சொல்லல. ஜட்ஜு இப்படிச் சொல்லுவார்னு நான் கண்டேனா? இவ நல்லதுக்குத்தான் சொல்றேன்." அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார்.

நான் அவளைப் பார்த்தேன். எதையாவது சொல்லுடி, இடுப்பில் கையை வைத்துக் கேளுடி, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுடி என்று உலுக்க வேண்டும் போலிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அழவும் இல்லை.

"விடு சித்தி" என்றாள். "அப்பா சொல்றது சரிதான். எனக்கு எதிர்க்கட்சி வக்கீலா நான் இருந்திருந்தா, நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்."