தூக்கிக் கட்டிய தீனித் தட்டுகள்

தோளில் பையுடன் பல்லடம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில். ஆத்திரத்தில் செருப்பைப் பண்ணையிலேயே விட்டுவிட்டு வந்தது பாதி தூரம் போனபிறகுதான் உறைத்தது.

கறிக்கோழிக் குஞ்சும் தீனியும் கம்பெனி கொடுக்கும்; வளர்த்துக் கொடுப்பது பண்ணைக்காரர் பாடு. அந்த வளர்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் உச்சிப்பொழுதில் தீனித் தட்டுகளைக் கயிற்றால் மேலே தூக்கிக் கட்டிவிடுவார்கள். வயிறு நிறையத் தின்ற கோழி சூடு தாங்காமல் செத்துவிடும். வெயில் தாழ்ந்ததும் இறக்கிவிட்டால் தின்று எடை தேறிவிடும். இதில் குற்றம் இல்லை. ஆனால் நான் வேலைக்கு இருந்த பண்ணைக்காரர், கொஞ்சம் பட்டினி நல்லது என்றால் நிறையப் பட்டினி இன்னும் நல்லது என்று நினைத்துவிட்டார். குஞ்சுப் பருவத்திலேயே, விடிந்ததும் தூக்கிப் பொழுது சாய்ந்த பிறகு இறக்கச் சொன்னார்.

"ஏனுங்க, இத்துனூண்டு குஞ்சுங்க" என்றேன்.

"நீ கயித்தப் புடி கண்ணு. தீனி மிச்சமானா கம்பெனிக்காரங்களே மெச்சுவாங்க."

குஞ்சுகள் பசியில் தரையில் பரப்பியிருந்த தேங்காய் நார்த் தூளைக் கொத்தின. வளரவில்லை. தடுப்பு மருந்து கொடுத்தும் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து, கழுத்து திருகி விழுந்தன.

கம்பெனி டாக்டர் ஒன்றை அறுத்துப் பார்த்தார். "நெஞ்சுல சதையே இல்ல. பட்டினி கெடந்த குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வரும்? மருந்து எப்படிப் பிடிக்கும்? தட்டை யாரு பாத்துக்கறது?"

பண்ணைக்காரர் என்னைக் காட்டினார். "இவன்தானுங்க சார். எறக்க மறந்துபோட்டுத் தூங்கிர்றான்."

"நீங்க சொல்லித்தானுங்களே தூக்குனேன்!"

"பாத்தீங்களா சார், வாய!"

அடுத்த முறை குஞ்சு தரமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு. அதற்கு நான் பலியா? எட்டாவது தாண்டாத ஊர்சுற்றியின் பேச்சு எடுபடாது என்று தெரிந்துதானே விரல் நீண்டது? டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஆளை நிறுத்துங்க. செத்ததையெல்லாம் ஆழமாப் புதைச்சிருங்க" என்று கிளம்பிவிட்டார்.

அந்த ஆத்திரத்தில்தான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அன்றிரவு பல்லடம் பேருந்து நிலையத்தில் படுத்து எழுந்தேன். காலையில் டீக்கடையில், குழி தோண்டும் பொக்லைன் வண்டி ஓட்டுபவர் ஒருவர் கூலிக்கு ஆள் கேட்டார்.

"கோழி பொதைக்கோணும். வாரியா?"

எந்தப் பண்ணை என்று கேட்டேன். நான் விட்டு வந்த அதே பண்ணைதான்.

"வேலைக்கு இருந்த எவனோ பட்டினி போட்டே கொன்னுபோட்டானாமா" என்றார்.

"அது நான்தானுங்க. ஆனா கொன்னது நானில்லீங்க."

ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அப்ப வழி தெரியும்னு சொல்லு. ஏறு."

"போற வழியில முழுசாச் சொல்றனுங்க" என்றேன். குழியில் தூவ வாங்கியிருந்த சுண்ணாம்பு மூட்டையை வண்டியில் தூக்கிப் போட்டுவிட்டு ஏறினேன்.