மகள் ஊதிய பை

வயிற்றுக்குள் ஒரு கிருமி குடித்தனம் நடத்துகிறது என்று டாக்டர் சொன்னபோது, பயத்தைவிட எனக்கு ஆச்சரியம்தான் அதிகம். அத்தனை புளிப்பில் அது எப்படிப் பிழைக்கிறது? என் அல்சருக்குக் காரணமே அதுதானாம். பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டாரின் எச்சில் வழியாகக்கூடத் தொற்றுமாம். அதோடு என் கேள்விகள் நின்றுபோயின. மகளுக்கு எதையும் கடித்துக் கொடுத்தே வளர்த்தவள் நான்.

குழந்தைகளுக்கு அந்தக் கிருமி வராமல் தடுக்க, வாய்வழியே கொடுக்கும் மருந்து ஒன்றைக் காஞ்சிபுரத்தில் சோதிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவள் பெயரைக் கொடுத்தேன். கிருமி இல்லாத பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். வெறும் வயிற்றில் ஒரு கரைசலைக் குடித்துவிட்டுப் பையில் ஊத வேண்டும். கிருமி இருந்தால் மூச்சே காட்டிக்கொடுத்துவிடும்.

என் வீட்டுக்காரர் தறி நெய்பவர். புதுப் பாவு நூல் ஏற்றினால்கூடப் பெருமாளைப் பார்க்காமல் தறியில் உட்கார மாட்டார். அன்று காலை மகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து நேரே பரிசோதனைக்கு வந்தார். சாப்பிட்டாயா என்று நர்ஸ் கேட்க, இல்லையென்று அவள் தலையாட்டினாள். வாயில் பச்சைக் கற்பூர வாசனை தூக்கியது.

"தீர்த்தம் எங்கனா சாப்பாட்டுல சேருமா?" என்றார் வீட்டுக்காரர், நிஜமாகவே புரியாமல்.

நர்ஸ் சிரித்துக்கொண்டே மறுநாள் வரச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்கும் ஒட்டியிருக்குமோ என்ற பயத்தோடு இன்னொரு ராத்திரி படுக்க வேண்டுமே என்று வீட்டுக்காரர்மேல் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் கன்னம் உப்ப ஊதினாள். கிருமி இல்லை என்று முடிவு வந்ததும் அங்கேயே அழுதுவிட்டேன்.

மகள் மருந்து குடித்த அன்று அங்கிருந்த டாக்டரை நச்சரித்தேன். சில பிள்ளைகளுக்கு மருந்து, மற்றவர்களுக்குப் பார்க்க அதேபோல் இருக்கும் வெறும் கரைசல் என்றார்.

"அப்போ இவ குட்ச்சது மருந்தா, சும்மாவா?"

"எனக்கே தெரியாதும்மா. தெரியாம இருந்தாதான் சோதனை சரியா இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் மகள் வழக்கம்போல் கடலைமிட்டாயை நீட்டினாள். எனக்கோ கிருமிக்குக் கொடுத்த மாத்திரை இன்னும் முடியவில்லை. முந்தானையில் பொதிந்து காக்காக் கடி கடிக்கப் போனேன். துணி கிருமியைத் தடுக்குமா என்று சந்தேகம் வந்தது. பூரிக்கட்டையால் உடைத்தேன்.

"இனிமே கட்ச்சே தர மாட்டியாம்மா?"

"மாட்டேன்மா."

அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. துண்டுகளை அள்ளி அவள் கையில் போட்டேன்.